ரிங்கிட்டுக்கு ஒரு வாக்கா, ஆளுக்கு ஒரு வாக்கா?



கடந்த மாதம் பன்னிரண்டு பக்கத் திட்ட வரைவு ஒன்று என் கைக்கு வந்தது. நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர் ஆக்கியது. பள்ளிக்கென ஒரு கல்வி நிதி தொடங்க வேண்டும். அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எவரும் இருத்தல் கூடாது. நிதி முழுவதும் இணையத்தில் பிளாக்செயின் என்னும் தொடரேட்டில் இருக்கும். ஒரு ரிங்கிட் கொடுப்பவருக்கு ஒரு டோக்கன். ஒரு டோக்கனுக்கு ஒரு வாக்கு. எதற்குச் செலவிடுவது என்பதை வாக்கே முடிவு செய்யும். இதுதான் திட்டம். முதற்பக்கத்திலேயே கொட்டை எழுத்தில், ‘இதுவே உண்மையான மக்களாட்சி’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

அந்த ஒரு வரிக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகளின் நோக்கத்தைக் குறைத்துப் பேசிவிடக் கூடாது. அவர்களுக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. முன்பொரு சங்கத்திற்கு அவர்கள் மாதந்தோறும் பணம் கொடுத்தார்கள். இரண்டாண்டுகள் கணக்கு வரவில்லை. கேட்டபோது, “நம்பிக்கை இல்லையா?” என்று திருப்பிக் கேட்டார்கள். பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை மாமாக் கடை மேசையில் அமர்ந்து மூன்று பேர் முடிவு செய்தார்கள். இப்படிப்பட்ட சங்கத்தைக் கண்டிராத தமிழர் இந்நாட்டில் உண்டா? ஆகவே, எவரும் ஒளிக்க முடியாத கணக்கேடு வேண்டும் என்று அவர்கள் கேட்பது முழுக்க முழுக்க நியாயம். தொடரேட்டில் எழுதியதை அழிக்க முடியாது; யாரும் எந்நேரமும் திறந்து பார்க்கலாம். அந்தப் பகுதியை நான் இருகை கொண்டு வரவேற்கிறேன்.

என் வழக்கு வாக்கைப் பற்றியது.

இவ்வகை அமைப்பை ஆங்கில எழுத்துச் சுருக்கமாக ‘டாவ்’ என்கிறார்கள். நடுவில் ஒரு தலைமை இல்லாமல், முன்கூட்டியே எழுதப்பட்ட நிரலின்படி இணையத்தில் தானே இயங்கும் அமைப்பு என்று பொருள் கொள்ளலாம். உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள், வாக்கில் வென்றதை நிரல் நிறைவேற்றும். கையொப்பம் இடுவதற்கு எவரும் வேண்டியதில்லை. 2016-இல் ‘தி டாவ்’ என்ற பெயரிலேயே எழுந்த முதற்பெரும் அமைப்பு சில வாரங்களில் ஏறத்தாழ 15 கோடி அமெரிக்க டாலர் திரட்டியது. அவ்வாண்டு ஜூன் 17-ஆம் நாள் நிரலில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஒருவர் 36 லட்சம் ஈத்தரை உறிஞ்சி எடுத்தார். அதற்கடுத்த ஆண்டு ஜூலையில் அமெரிக்கப் பங்குப் பத்திர ஆணையம் அவ்வமைப்பை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், டோக்கன் வைத்திருந்தோரின் வாக்குரிமை அவர்களுக்கு மெய்யான கட்டுப்பாட்டைத் தரவில்லை என்று குறிப்பிட்டது. வாக்கு இருந்தது; ஆட்சி இல்லை. இஃது எப்படி நேர்கிறது?

புளியங்கொட்டைப் பாடம்

என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தேன். பல்லாங்குழிக்காக வைத்திருந்த புளியங்கொட்டைகளில் 115-ஐ எண்ணி எடுத்தேன். ஆறு பேரை அழைத்து, இருவருக்கு 31 வீதமும், ஒருத்திக்கு 28-ம், ஒருவனுக்கு 21-ம், மற்ற இருவருக்கு 2 வீதமும் கொடுத்தேன். கொட்டை ஒன்றுக்கு ஒரு வாக்கு. 58 சேர்ந்தால் வெற்றி. அடுத்த பாடவேளையில் கதையா, விளையாட்டா என்பதே கேள்வி.

இந்த எண்கள் என் கற்பனை அல்ல. நியூயார்க் மாநிலத்தின் நாசோ மாவட்ட மேற்பார்வையாளர் மன்றத்தில் 1964-இல் ஆறு உறுப்பினருக்கு இப்படித்தான் வாக்குகள் பங்கிடப்பட்டிருந்தன. மக்கள்தொகை கூடிய ஊருக்கு வாக்கு கூடுதல், குறைந்த ஊருக்குக் குறைவு என்பது ஏற்பாடு. கேட்பதற்கு எவ்வளவு நேர்மையாக இருக்கிறது!

வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். 21 கொட்டை வைத்திருந்த பையன் முதலில் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தான். அவனிடம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருந்ததல்லவா? விளையாட்டுக்கு ஆள் சேர்க்கப் புறப்பட்டான். 31 வைத்திருந்தவனைச் சேர்த்தான், 52 ஆயிற்று. போதவில்லை. இரண்டிரண்டு வைத்திருந்த இருவரையும் கெஞ்சிச் சேர்த்தான், 56. இன்னும் போதவில்லை. 28 வைத்திருந்தவளிடம் போனான். இரண்டிரண்டு பேரையும் கூட்டினாலும் 53-தான். பிறகு 31-ம் 28-ம் ஒன்றாகச் சேர்ந்தார்கள். 59. அவர்களுக்கு இவன் தேவைப்படவே இல்லை. இரண்டு 31-களும் சேர்ந்தால் 62. அங்கும் இவன் வேண்டியதில்லை. பத்து நிமிடம் கழித்துக் கொட்டைகளை என் மேசைமேல் கொட்டிவிட்டுச் சொன்னான்: “ஐயா, எங்கிட்ட 21 இருக்கு. ஆனா ஒன்னுமே இல்ல.”

பெரிய மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் வெற்றி. மற்ற மூவர் எப்படிச் சேர்ந்தாலும், எவருடன் சேர்ந்தாலும், முடிவை அவர்களால் மாற்ற இயலாது. 25 வாக்குகள் வெறும் அலங்காரம். ஜான் பான்சாஃப் என்னும் அமெரிக்கச் சட்ட அறிஞர் 1965-இல் எழுதிய கட்டுரையில் காட்டியது இதுவே: கையில் உள்ள வாக்கின் எண்ணிக்கை வேறு, முடிவை மாற்றும் வல்லமை வேறு. அவருடைய பெயரால் ‘பான்சாஃப் குறியீடு’ என்று அந்த வல்லமையை இன்றும் அளக்கிறார்கள்.

நான் எதிர்பாராத ஒன்றும் அன்று நடந்தது. இரண்டு கொட்டைக்காரர்கள் இருவரும், தங்களால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தவுடன் பின்வரிசைக்குப் போய் வேறு கதை பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒழுங்கீனம் என்று கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. வளர்ந்தவர்களும் அதைத்தானே செய்கிறோம்?

இப்போது எங்கள் பள்ளித் திட்டத்தைப் பாருங்கள். வாக்களிக்கப்பட்ட தொகை 40,000 ரிங்கிட். மூன்று பேர் ஆளுக்கு 11,000 தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மொத்தம் 33,000. எஞ்சிய 7,000-ஐ 140 பேர் ஐம்பதும் நூறுமாகக் கொடுக்கிறார்கள். வெற்றிக்குப் பாதிக்கு மேல் வேண்டும். மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் 22,000, முடிந்தது. 140 பேரும் ஒரே மனத்தினராய் ஒருவரோடு சேர்ந்தாலும் 18,000-தான். ஆக, மூவரும் வாக்களிக்கும் வரையில் அந்த 140 பேரின் வல்லமை எவ்வளவு? சுழியம். பையன் கையிலிருந்த 21 கொட்டைதான். மாமாக் கடை மேசையில் மூன்று பேர் முடிவெடுத்தார்கள் என்ற கோபத்தில் தொடங்கிய திட்டம், இன்னொரு மூன்று பேரை வேறொரு மேசையில் அமர்த்தியிருக்கிறது. இம்முறை அவர்களைத் தேர்தலில் இறக்கவும் முடியாது.

அந்த மூவரும் நல்லவர்கள். ஒருவர் என்னிடமே வாய்ப்பாடு படித்தவர். ஆள வேண்டும் என்று அவர்கள் எவரும் கேட்கவில்லை. எழுதி வைத்த விதி அவர்களை ஆளச் செய்கிறது. நல்லவர் மூவருக்குப் பின் அந்த டோக்கன்கள் யார் கைக்குப் போகும் என்பதே என் கவலை. ஏனெனில் வரைவின் ஏழாம் பக்கம், ‘டோக்கனை விரும்பியவருக்கு மாற்றித் தரலாம்’ என்கிறது.

வெளியில் நடந்தவை

பள்ளி நிதிக்கும் உலக நிதிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட மாதிரி வடிவம் அங்கிருந்துதான் வந்தது. ஆகவே அங்கு என்ன நடந்தது என்று அறிந்து கொள்வது நம் கடமை.

2022 ஏப்ரல் 17-ஆம் நாள் பீன்ஸ்டாக் என்னும் அமைப்பில் ஒருவர் நிகழ்த்தியதைப் படித்தபோது இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அங்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் ஒரு தீர்மானத்தை அவசரமாக நிறைவேற்றலாம். அவர் முன்னாளே தீர்மானங்களைப் பதிந்து வைத்தார். ஒன்று, உக்ரேனுக்கு நன்கொடை அளிப்பது, யார் மறுப்பார்? மறுநாள், ஒரே பரிமாற்றத்துக்குள் எடுத்து அதற்குள்ளேயே திருப்பிச் செலுத்தும் ‘மின்னல் கடன்’ மூலம் ஏறத்தாழ 100 கோடி டாலர் கடன் வாங்கினார், அதைக் கொண்டு வாக்கு வல்லமையைப் பெற்றார், வாக்களித்தார், தீர்மானம் நிறைவேறியது, அமைப்பின் கருவூலம் அவர் கைக்கு வந்தது, கடனைத் திருப்பிக் கட்டினார். அமைப்புக்கு இழப்பு ஏறத்தாழ 18 கோடி டாலர். எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. வாக்குப்பதிவு விதிப்படி நடந்தது! கொடுமை அதில்தான் இருக்கிறது.

2020-இல் ஸ்டீம் என்னும் தொடரேட்டுச் சமூகத்தின் கதை இன்னொரு வகை. அங்கே இருபது ‘சாட்சியர்’ தொடரேட்டை நடத்துவர். காசு இருப்பின் அளவுப்படி உறுப்பினர் அவர்களைத் தேர்ந்தெடுப்பர். அச்சமூகத்தைத் தொடங்கிய நிறுவனத்தை அவ்வாண்டு பிப்ரவரியில் ஜஸ்டின் சன் என்னும் தொழிலதிபர் விலைக்கு வாங்கினார். நிறுவனத்தின் பெருங்காசிருப்பு சமூகத்தை ஆண்டுவிடும் என்று அஞ்சிய சாட்சியர் அதை முடக்கினர். மார்ச் மாதத் தொடக்கத்தில் பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய நாணயச் சந்தைகள், வாடிக்கையாளர் தங்களிடம் வைத்திருந்த காசைக் கொண்டே வாக்களித்தன. ஒரே நாளில் பழைய சாட்சியர் வெளியேற்றப்பட்டனர். எண்ணிப் பாருங்கள்: நீங்கள் வங்கியில் வைத்த பணத்தைக் காட்டி வங்கி உங்கள் பெயரில் வாக்களித்தால் எப்படி இருக்கும்? எதிர்ப்பு எழுந்ததும் பைனான்ஸும் ஹுவோபியும் தம் வாக்குகளைத் திரும்பப் பெற்றன. ஆனால் சமூகம் பிளந்துவிட்டது. மார்ச் 20-ஆம் நாள் ஒரு பிரிவினர் ஹைவ் என்னும் புதிய தொடரேட்டுக்குக் குடிபெயர்ந்தனர்.

2024 ஜூலையில் காம்பவுண்ட் என்னும் கடன் வழங்கும் அமைப்பில், ஏறத்தாழ 2.4 கோடி டாலர் பெறுமானமுள்ள டோக்கன்களை ஒரு குழுவினர் நடத்தும் திட்டத்திற்கு ஒப்படைக்கும் தீர்மானம் 682,191-க்கு 633,636 என்ற கணக்கில் வென்றது. அதற்கு முன் அத்தகைய முயற்சிகள் தோற்றிருந்தன. பெருங்கூச்சலுக்குப் பின் பேசித் தீர்த்துக் கைவிட்டார்கள். இலட்சக்கணக்கில் வாக்கு என்றவுடன் இலட்சக்கணக்கில் மக்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவை டோக்கன்கள். செயினாலிசிஸ் நிறுவனம் 2022-இல் பத்துப் பெரிய டாவ் அமைப்புகளை ஆராய்ந்து, நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோர் கையில் 90 விழுக்காட்டு வாக்கு இருப்பதாகக் கூறியது.

எத்தீரியத்தைப் படைத்தவர்களுள் முதன்மையானவரான விட்டாலிக் பியூட்டெரின் 2021 ஆகஸ்டில் எழுதிய நீண்ட கட்டுரையில், காசு வாக்கு முறையைக் கடந்து செல்ல வேண்டும் என்று தாமே வாதிட்டார். அங்கேயே இவ்வளவு ஐயம் இருக்க, நாம் அதை மக்களாட்சி என்று பெயர் சூட்டிப் பள்ளிக்குள் கொண்டு வருவானேன்?

“போட்டவருக்குத்தானே உரிமை?”

திட்டத்தினர் சார்பில் எனக்குச் சொல்லப்பட்ட வலுவான வாதம் இது. 11,000 கொடுப்பவர் அதிகம் இழக்கக் கூடியவர். ஆகவே பொறுப்போடு வாக்களிப்பார். பத்து ரிங்கிட் கொடுப்பவருக்கும் அவருக்கும் ஒரே வாக்கு என்றால் யார் கொடுக்க முன்வருவார்?

வணிக நிறுவனத்திற்கு இவ்வாதம் பொருந்தும். பங்கு வாங்கியவர் இலாபத்திற்காக வாங்குகிறார். நட்டம் அவரைச் சேர்கிறது. பள்ளி நிதியில் நட்டம் யாரைச் சேர்கிறது? எங்கள் நிதியின் முதல் வாக்கெடுப்பே அதற்குச் சான்று. பல்லூடக அறை அமைப்பதா, வேன் கட்டணத்திற்கு உதவுவதா என்பதே கேள்வி. பல்லூடக அறை வந்தால் படம் எடுத்துப் போடலாம். திறப்பு விழா நடத்தலாம். வேன் அப்படியன்று. பழைய செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து 19 குடும்பத்துப் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். விடியலுக்கு முன்பே சாலையோரம் நிற்கும் பிள்ளைகள். கட்டணம் கட்ட இயலாத மாதத்தில் பிள்ளை பள்ளிக்கு வராது. அடுத்த மாதமும் வராது. பிறகு வீட்டிற்கு அருகில் இருக்கும் வேறு பள்ளிக்குப் போய்விடும். நம் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்பதை ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த 19 குடும்பங்களில் பெரும்பாலோர் இந்நிதிக்குப் பணம் கொடுக்கவில்லை. கொடுத்த சிலர் பத்து ரிங்கிட் கொடுத்திருக்கிறார்கள். முடிவின் சுமை முழுவதும் அவர்கள் தலையில். வாக்கோ 190 கூட இல்லை.

இழப்பைத் தாங்குவோர்க்கே வாக்கு என்பது கொள்கையானால், அதன்படி முதல் வாக்கு வேன் ஏறும் பிள்ளையின் தாய்க்கு அல்லவா போக வேண்டும்? அந்தக் கொள்கையையே பிடித்துக்கொண்டு கேட்கிறேன். மேலும், டோக்கனில் பொறுப்பும் தங்குவதில்லை. பீன்ஸ்டாக்கில் வாக்கு வல்லமை பெற்றவர் அந்தப் பணத்தை ஒரே ஒரு பரிமாற்றம் நிகழும் நேரம்தான் வைத்திருந்தார். அவருக்கு அதில் இழப்பதற்கு என்ன இருந்தது?

கூட்டுறவுக்காரர்கள் இக்கேள்விக்கு நெடுநாளைக்கு முன்பே விடை கண்டார்கள். 1844-இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 28 பேர் கடை தொடங்கியபோது, போட்ட பணம் எவ்வளவாயினும் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்னும் நெறியை நிலைநாட்டினார்கள். உலகக் கூட்டுறவின் அடிப்படை இன்றும் அதுதான். நம் நாட்டில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல், துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவிய கைகள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அவர் அதை வணிக நிறுவனமாகத் தொடங்கியிருக்கலாம், கூட்டுறவாகத் தொடங்கினார். வேறுபாடு பெயரில் இல்லை, வாக்கில் இருக்கிறது.

ஆயிரம் முகமூடி

இனி எதிர்த்தரப்பின் உண்மையான இடர்ப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது எளிதன்று. அங்கே ஆள் யார் என்று தெரியாது. ஒருவரே ஒரு பிற்பகலில் ஆயிரம் கணக்குகள் திறந்து ஆயிரம் பேராக வந்து நிற்கலாம். காசை மட்டும் அப்படிப் பெருக்க முடியாது. அதனால்தான் காசை எண்ணுகிறார்கள். இது பேராசையினால் மட்டும் வந்த முறை அல்ல. வேறு வழி தெரியாமல் வந்தது.

நடுவழி ஒன்றையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். ‘இருபடி வாக்கு’ என்பது அதன் பெயர். ஒரு வாக்குக்கு ஒரு காசு. இரண்டு வாக்குக்கு நான்கு. பத்து வாக்கு வேண்டுமானால் நூறு. நூறு மடங்கு காசுள்ளவருக்குப் பத்து மடங்கு வாக்குதான் கிடைக்கும். அழகான கணக்கு! என் மாணவர்களுக்கு வர்க்கம் கற்பிக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் அந்த நூறு காசையும் நூறு முகமூடிக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் நூறு வாக்கும் வந்துவிடும். பொதுப்பணிகளுக்கு இதே கணக்கின்படி நிதி பகிர்ந்த கிட்காயின் அமைப்பு இந்தப் போலிக் கணக்குகளோடு தொடர்ந்து போராட வேண்டியிருந்தது. ஆள் யாரென்று அறியாமல் கணக்கை மட்டும் திருத்துவதால் பயனில்லை. 2022-இல் ஆப்டிமிசம் என்னும் அமைப்பு இரண்டு அவைகளை ஏற்படுத்தியபோது, ஒன்றில் டோக்கனுக்கு வாக்கு, மற்றொன்றில் ஆளுக்கு ஒரு வாக்கு என்று வகுத்தது. காசு மட்டும் போதாது என்பதை அங்கும் உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால், எங்கள் பிள்ளைகளே, நம் பள்ளிக்கு இந்த இடர்ப்பாடு எங்கே இருக்கிறது? முகம் தெரியாதவர்களுக்காக உருவாக்கிய மருந்தை முகம் தெரிந்தவர்கள் ஏன் உண்ண வேண்டும்? நம்மிடம் வருகைப் பதிவேடு இருக்கிறது. எந்த ஆண்டு எவர் எந்த வகுப்பில் படித்தார் என்பது அலுவலகத்தில் எழுத்தில் உள்ளது. உங்களில் ஒருவர் ஆயிரம் பேராக வந்து நின்றால், உங்களுக்குக் கற்பித்த ஆசிரியர் காதைப் பிடித்து ஓர் ஆளாக்கி அனுப்பிவிடுவார். டோக்கன் வாக்கைத் தாங்கி நிற்கும் ஒரே நியாயமான காரணம், பள்ளிப் படலையைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

நான் கேட்பது

எழுத்தில் கொடுத்துவிட்டேன்; இங்கும் சொல்கிறேன். தொடரேட்டுக் கணக்கு இருக்கட்டும். பணம் எவ்வளவு கொடுத்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. அவ்வாக்கை விற்கவோ, மாற்றவோ, கடன் கொடுக்கவோ இயலாதபடி நிரலிலேயே பூட்டிவிட வேண்டும். இப்போது பிள்ளை படிக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும், ஒரு காசு கொடுக்காவிட்டாலும், ஒரு வாக்கு. பெருந்தொகை தருபவர் தம் பணம் இன்னதற்கே என்று கொடுக்கும்போதே நிபந்தனை இடலாம். மற்றவர் பணத்தின் மேல் அவருக்கு ஆணை இல்லை. தீர்மானம் பதிந்த நாளுக்கும் வாக்களிக்கும் நாளுக்கும் இடையே இரண்டு வாரமாவது இருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு வாக்கு வேண்டாம் என்றும் எழுதினேன். என் சக ஆசிரியர்கள் சிலருக்கு இதில் மனத்தாங்கல். நாம் பேசலாம், எடுத்துச் சொல்லலாம். ஆனால் நமக்குக் கருவி வாங்கித் தரும் நிதியில் நாமே வாக்களிப்பது முறையாகாது என்பது என் எண்ணம். தவறென்றால் திருத்திக்கொள்கிறேன்.

ஆளுக்கு ஒரு வாக்கு என்ற முறையில் குறையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. பொதுக்கூட்டத்திற்கு முதல் நாள் வேன் நிறைய ஆள் ஏற்றி வந்து உறுப்பினர் ஆக்கி, மறுநாள் வாக்களிக்கச் செய்து, அதற்குப் பின் அவர்கள் முகத்தையே காணாத சங்கங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காசுக்காரர் காசைக் கொண்டு வெல்கிறார். இவர் ஆள் பிடித்து வெல்கிறார். அதற்காகத்தான் வாக்காளர் பட்டியல் கூட்டத்திற்கு ஆறு மாதம் முன்பே மூடப்பட வேண்டும் என்றும், பதிவேட்டில் பெயர் இல்லாதவர் சேரக்கூடாது என்றும் சேர்த்திருக்கிறேன். முதற்கூட்டத்திற்கு மட்டும் விலக்கு. பட்டியலே இப்போதுதானே தொடங்குகிறது.

நிரல் எழுதும் தம்பி இரண்டு நாளில் விடை அனுப்பினார். “ஐயா, டோக்கன ஆளுக்கு ஒன்னுன்னு வச்சி, மாத்த முடியாதபடி பூட்டிடலாம். பெரிய வேல இல்ல. நீங்க கேக்குற வரைக்கும் எங்களுக்குத் தோணல” என்றார். மூன்று பெருங்கொடையாளரில் ஒருவர் உடனே ஒப்புக்கொண்டார். இன்னொருவர் இதுவரை வாய் திறக்கவில்லை. மூன்றாமவர், “அப்படியானால் நான் ஏன் 11,000 கொடுக்க வேண்டும்?” என்று புலனக் குழுவிலேயே கேட்டுவிட்டார். கோபத்தில் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் தந்தை அந்தத் தோட்டத்திலிருந்துதான் மிதிவண்டியில் அவரைப் பள்ளிக்கு ஏற்றி வந்தார். அதை மட்டும் அவருக்குத் தனியாக எழுதினேன். பார்த்துவிட்டார், மறுமொழி இன்னும் வரவில்லை.

முன்னாள் மாணவர், பெற்றோர் கூட்டம் வரும் மாத முதல் ஞாயிறு, பள்ளி மண்டபத்தில், காலை 10 மணிக்கு. வேன் ஏறும் பிள்ளைகளின் 19 குடும்பங்களில் ஆறு குடும்பத்தார் புலனக் குழுவிலேயே இல்லை. இத்திட்டம் ஒன்று இருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. இந்தச் சனிக்கிழமை பட்டியல் தாளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டிற்குச் செல்கிறேன். உடன் வர விரும்பும் ஆசிரியர்கள் காலை 9 மணிக்குப் பள்ளி வாயிலில் இருந்தால், என் வண்டியில் இன்னும் மூவருக்கு இடம் உண்டு.